மொறிஸ் மைனர் திறந்த கார்: பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி (2024 மார்ச் 3)

லெஸ்டரில் இருக்கிறேன். 1966ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. துணிக்கூரையை மடிக்கும் வகை. ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததாம். 14 ஆண்டுகளாகக் கராஜை விட்டு வெளியே எடுக்கவில்லையாம். பெயின்ற் கண்ணாடி போல் மின்னுகிறது. நன்றாகப் பேணப்பட்டது என்று சொல்லி, ஓடிக்கொண்டிருக்கும் கார்களை விடக் கூடுதல் விலை கேட்கிறார்கள். ஓடாத கார் தேயாத கார்தானே? வாங்கலாமா?

மார்ச் 3, இரவு

வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயின்ற்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். ஓடாத கார் தேயாது, சரி. ஆனால் துருப்பிடிக்க ஓட்டம் வேண்டியதில்லை. பிரேக் சிலிண்டர்கள் நின்ற இடத்திலேயே இறுகும். றப்பர் காயும். தாங்கியில் கிடக்கும் பெற்றோல் கெட்டுப் பிசினாகும்.

நான் கொவென்றியில் 1965ஆம் ஆண்டு மைனர் திறந்த கார் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அதையும் நன்றாகப் பேணப்பட்டது என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாம் மாதம் கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். பெயின்ற் உள்ளே போனது, அதோடு விரலும் போனது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்த கதை.

முதலில் காருக்குக் கீழே படுத்துப் பாருங்கள். அதற்கு விற்பவர் முகம் சுளித்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

மார்ச் 4

நேற்றுச் சுருக்கமாக எழுதிவிட்டேன். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் சோதனை எதற்கென்று விளங்காது.

மைனரில் சேஸி என்று தனியாக ஒன்று கிடையாது, உடலே சட்டகம். சாதாரண மைனரில் கூரையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். கூரையை எடுத்துவிட்டால், காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடுதான். இங்கே அதைச் 'சில்' என்பார்கள். நம் ஊரில் சக்கரத்தைச் சொல்லும் சில்லு அல்ல. அதனால்தான் திறந்த காருக்கென்று தொழிற்சாலையிலேயே சில்லின் அடியில் கூடுதல் தகடுகள் வைத்துப் பலப்படுத்தினார்கள். டாஷ்போர்டுக்கு உட்புறம் இரு மூலைகளிலும் முட்டுத் தகடுகள் வைத்தார்கள். அந்த அடித்தகடுதான் உங்கள் காரின் முதுகெலும்பு. அது உளுத்துப்போனால் பெயின்ற் எவ்வளவு மின்னினாலும் பயனில்லை.

என்ன செய்யலாம்? குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சில்லின் நீளம் முழுக்க மெதுவாக நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை அடைத்த புட்டிப் பசை இருக்கிறது. பிறகு கதவுகளைப் பாருங்கள். மூடிய கதவுக்கும் பின்தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். கூரையை மடித்துவிட்டு, இரண்டு பேர் உள்ளே அமர்ந்தபடி கதவைத் திறந்து மூடுங்கள். பூட்டு உரசினால் விலை பேசாமலே திரும்பி வந்துவிடுங்கள்.

பின்பக்க வில்தகடுகள் உடலோடு சேரும் இடங்களையும் பார்க்க வேண்டும். டோர்ச் வெளிச்சமும் சிறு சுத்தியலும் போதும். நல்ல இரும்பு 'டிங்' என்னும், உளுத்தது 'டப்' என்னும்.

மார்ச் 5

காரின் அடையாள எண்ணான சேஸி எண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1966ஆம் ஆண்டுத் திறந்த மைனரின் எண் 'எம்ஏடி5' என்று தொடங்கும். டி (T) என்பது திறந்த கார். இரண்டு கதவுச் சாதாரணக் கார் 'எம்ஏ2எஸ்5', நான்கு கதவு 'எம்ஏஎஸ்5', மரச்சட்டம் போட்ட டிராவலர் 'எம்ஏடபிள்யூ5'. பானெட்டைத் திறந்தால் உட்சுவரில் சிறிய தகட்டில் இருக்கும். பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது முக்கியம், ஏனென்றால் இரண்டு கதவு மைனரின் கூரையை வெட்டித் திறந்த காராக மாற்றியவை நிறையவே உலவுகின்றன. டி இருந்தால் கவலை இல்லை.

மார்ச் 6

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். பர்மிங்ஹாமில் நாற்பது வருடம் தகரவேலை செய்த ஓர் அண்ணர் காலையிலேயே பிடித்துக்கொண்டார். "தகட்டைக் கழற்றி வேறு காரில் பொருத்த எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டார். அவர் சொல்வது சரி. உளுத்துப்போன உண்மையான திறந்த காரின் தகட்டை, கூரை வெட்டிய காருக்கு மாற்றிவிடலாம். ஆகவே எண் மட்டும் சாட்சியாகாது. டாஷ்போர்டுக்குள் கையை விட்டு முட்டுத் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். சில்லின் அடித்தகடு தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்ததா, பிறகு கையால் இழுத்ததா என்று பாருங்கள். எண்ணும் உடலும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அவரே சொன்னார். வெட்டிய கார் எல்லாம் கெட்ட கார் அல்ல. முறையான பலப்படுத்தும் தகடுகளோடு நல்ல கைகள் மாற்றிய கார் பத்திரமாக ஓடும். அதைத் தொழிற்சாலைத் திறந்த காரின் விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவே. நேற்று நான் எழுதியதில் இந்த வேறுபாடு இல்லை.

மார்ச் 10

பழைய தகுதிச் சோதனை முடிவுகளை அரசின் இணையப் பக்கத்தில் பதிவெண்ணைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். 2018 மே முதல் 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. அதற்கு முன்னைய பதிவுகளில் மைல் கணக்கும் "இடப்பக்கச் சில்லில் துரு" போன்ற குறிப்புகளும் இருக்கும். கட்டாயம் இல்லாவிட்டாலும் நான் ஆண்டுதோறும் கொண்டுபோய்க் காட்டுகிறேன். காரை உயர்த்தி வைத்து அந்நியக் கண் ஒன்று பார்ப்பது நல்லது.

மார்ச் 17

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கதவு இடைவெளி அழகாக இருக்கிறது. ஆனால் அடிப்பக்கம் முழுக்கப் புதுத் தார்ப்பூச்சு கறுப்பாகத் தெரிகிறதே? 14 ஆண்டு கராஜில் நின்ற காருக்கு இப்போது ஏன் தார் பூசினார்கள்? அதை முகத்துக்கு நேரே கேளுங்கள். நல்ல இரும்பின் மேல் பூசியிருக்கலாம். மறைக்கவும் பூசியிருக்கலாம். ஒரு சாண் அளவு சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். என் காரில் பழைய சில்லை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டை ஆணியடித்துத் தார் பூசியிருந்தார்கள். உள்ளே உளுத்த இரும்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. திருத்தியவர் முதலில் செய்த வேலையை நான் மறக்கமாட்டேன். எதையும் வெட்டவில்லை. கதவுகளைச் சரியான இடைவெளியில் நிறுத்தி, வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் காரைக் கட்டிப்போட்டார். பிறகுதான் ஒரு முழம் வெட்டுவார், ஒரு முழம் பற்றவைப்பார். அப்படிக் கட்டாமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, தொய்ந்தபடியே ஒட்டிக்கொள்ளும். அதன்பின் கதவு ஒருநாளும் சரியாக மூடாது.

அவர் பெட்டியிலிருந்து புதுத் தகட்டை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் சிறிய ஒட்டுத்தாள்: 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது'. ஆங்கிலேயக் காருக்கு, ஆங்கிலேய மண்ணில், எங்கள் நாட்டுத் தகடு! எனக்குத் தொண்டை அடைத்தது. மைனருக்கான உடல் தகடுகளை இலங்கையின் தென்பகுதியில் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மார்ச் 18

"அண்ணா, ஏன் இந்தக் காரில் இவ்வளவு பைத்தியம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் நான்கு கதவு மைனர் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, எல்லோரையும் போல அப்பாவும் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. பானெட்டைத் திறந்து, மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேட்டருக்குள் விடுவார். நான் முன்னால் கைப்பிடியைச் சுழற்றுவேன். இருமிப் புகைந்து ஓடத் தொடங்கியதும் தெருவே மண்ணெண்ணெய் மணக்கும்.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்துவிடும். அப்பா தினமும் ஒயில் கோலை உருவி, வேட்டித் தலைப்பில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மூக்கருகே பிடிப்பார். மணம் ஏறியிருந்தால் அன்று கார் ஓடாது, மறுபேச்சு இல்லை. அந்தக் கார் எத்தனையோ நோயாளிகளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது. பேணுவது என்றால் என்னவென்று நான் அங்கேதான் பார்த்தேன். அந்தக் காரில் ஓர் இடத்திலும் பெயின்ற் ஒழுங்காக இருக்கவில்லை.

ஏப்ரல் 2

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, போகட்டும். ஓர் அக்கா, இளம் ஊதா நிறத்தில் திறந்த மைனர் ஒன்றைப் 'பத்து இலட்சமாவது கார் வரிசை' என்று விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். 1960 டிசம்பரில் மைனர் பத்து இலட்சத்தைத் தொட்டது. பிரித்தானியக் கார்களில் அதுவே முதல். அதைக் கொண்டாட ஏறத்தாழ 350 கார்களை இளம் ஊதா நிறத்தில், வெள்ளை இருக்கைகளோடு செய்தார்கள். அவை எல்லாமே இரண்டு கதவுச் சாதாரணக் கார்கள். திறந்த கார் ஒன்றும் அதில் இல்லை. ஆகவே அக்கா பார்த்தது பிறகு பூசிய நிறம், அல்லது வெட்டிய கூரை.

இந்தக் காரை வரைந்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாகக் கண்ணுக்குப் பட்டதும் அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, பாதிகளை மெல்ல விலக்கிப் பார்த்தாராம். நான்கு அங்குலம் விலகியதும் "போதும்" என்றாராம். முன்பே செய்து வைத்திருந்த பம்பர்களை வெட்டி நடுவே துண்டு வைத்தார்கள். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். நீங்கள் பார்க்கும் காரிலும் இருக்கும், கையால் தடவிப் பாருங்கள்.

ஏப்ரல் 14

வாங்கிவிட்டீர்கள்! வாழ்த்துகள். தாரைச் சுரண்டிய இடத்தில் தொழிற்சாலைப் பூச்சே தெரிந்தது என்று படித்ததும் எழுந்து நடந்தேன். புத்தாண்டன்று நல்ல செய்தி. விலையிலும் 1,200 பவுண் குறைத்திருக்கிறீர்கள்.

இப்போது மிக முக்கியம்: சாவியைத் திருப்பாதீர்கள். பற்றரியை இணைக்கவே இணைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிடியால் மெல்லச் சுழற்றுங்கள். தடை இருந்தால் பலம் காட்டாதீர்கள், இன்னொரு நாள் ஊறட்டும். பழைய பெற்றோலை முழுவதும் இறக்குங்கள். எரிபொருட் குழாய்களை மாற்றுங்கள். ஒயிலை மாற்றுங்கள், 20டபிள்யூ-50 போதும், நவீன மெல்லிய ஒயில் வேண்டாம். பற்றரி இணைக்கும்போது கவனம்: தொழிற்சாலையில் இந்தக் கார்களுக்கு நேர்முனையைத்தான் உடலோடு இணைத்தார்கள். பிறகு யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு இணைக்கவும்.

ரயர்கள் கோடு தேயாமல் இருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அப்படியானால் ஐந்தையும் எறியுங்கள்.

பிரேக் ஒயிலும் முழுக்க மாற்ற வேண்டும். அந்த ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனாலும் விடாதீர்கள். மிதியிலிருந்து சக்கரம்வரை பிரேக்குக்கு ஒரே வழிதான். அது விட்டால் கைப்பிரேக் தவிர வேறெதுவும் இல்லை.

ஏப்ரல் 15

காப்புறுதியில் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் விபத்தின்போது பழைய கார் விலை என்று சொல்லிக் கிள்ளிக் கொடுப்பார்கள்.

மே 6

கிறீஸ் பற்றி இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது.

மைனரின் முன்சில்லு திரும்புவது ட்ரனியன் எனப்படும் மரையிட்ட மூட்டுகளில். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழுள்ளதுதான் ஆபத்தானது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்றுவிடும். வாங்கிய முதல் கோடையில், வீட்டு வாசலில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, நடக்கும் வேகத்தை விடக் குறைவாகப் பின்னால் எடுத்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். இடப்பக்க முன்சில்லு, கால் மடக்கிய மாடு போல உள்ளே சரிந்தது. மட்கார்ட் தரையில் உட்கார்ந்தது. அதற்கு முந்தின ஞாயிறு அதே காரில் மகளை அமர்த்தி, நெடுஞ்சாலையில் 50 மைல் வேகத்தில் வந்திருந்தேன். அதை நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

பராமரிப்புப் புத்தகத்தில் பழைய கராஜ் ஒன்றின் முத்திரைகள் வரிசையாக இருந்தன. ஆனால் கிறீஸ் செலுத்தும் சிறு முனைகளான நிப்பிள்களின் வாய் தாரால் மூடியிருந்தது. தாரைச் சுரண்டாமல் ஒரு துளி கிறீஸ் உள்ளே போயிருக்க முடியாது. அதனால் சொல்கிறேன்: முத்திரையைப் பார்க்காதீர்கள், நிப்பிளைப் பாருங்கள். அதைச் சுற்றி ஈரமான கறுப்புக் கிறீஸ் பிதுங்கியிருந்தால் யாரோ அந்தக் காரை நேசித்திருக்கிறார்கள்.

நான் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை செய்கிறேன். முன்சில்லைத் தரையிலிருந்து தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டுத்தான் கிறீஸ் கன்னை வைக்க வேண்டும். பழையது அழுக்காகப் பிதுங்கி, புதியது சுத்தமாக வரும்வரை அழுத்துங்கள். காரை ஜாக்கில் மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், தாங்கிக் கட்டைகள் வையுங்கள்.

ஜூலை 21

கூரை. நேற்று மழை, இன்று வெயில்; உடனே மடிக்கக் கை பரபரக்கும். ஈரத்தோடு மடிக்காதீர்கள். இரண்டே நாளில் மடிப்புக்குள் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் பிடிக்கும், பிறகு போகாது. பின்பக்க ஜன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். மடியும் இடத்தில் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய வேட்டி மிக நல்லது. குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது மடித்தால் கோடு விழுந்து வெடிக்கும்.

கழுவுவதற்கு மென்மையான தூரிகையும் தண்ணீரும். அழுத்தத் தண்ணீர் பீச்சும் இயந்திரத்தைப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள். தையல் வழியாக உள்ளே இறங்கும்.

செப்ரெம்பர் 8

பெற்றோல்: 2021 செப்ரெம்பர் முதல் இங்கே சாதாரணப் பெற்றோல் ஈ10, அதாவது பத்து வீதம்வரை எதனோல். பழைய றப்பர் குழாய்களை அது தின்னும், ஈரத்தையும் இழுக்கும். ஈ5 என்று எழுதிய உயர்தரப் பெற்றோல் போடுங்கள். ஈயம் கலந்த பெற்றோல் 1999 முடிவோடு இங்கே நின்றுவிட்டது. ஈயம் இல்லாவிட்டால் பழைய வால்வு இருக்கைகள் தேயும். அதனால் எஞ்சின் தலையில் கடினமான வால்வு இருக்கைகள் பொருத்தியிருக்கிறார்களா என்று பழைய பற்றுச்சீட்டுகளில் தேடுங்கள். இல்லையென்றால் அதற்கான சேர்மானத் திரவம் கலக்க வேண்டும்.

நவம்பர் 3

கூரை பற்றி ஜூலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. குளிர்காலம் முழுவதும் காரை நிறுத்தும்போது கூரையை மேலே இழுத்துப் பூட்டியே வையுங்கள். மடித்து மாதக்கணக்கில் வைத்தால் துணி சுருங்கி, வசந்தத்தில் முன்சட்டத்தை எட்டாது. என் நண்பர் ஒருவர் ஏப்ரலில் மூன்று பேரை வைத்து இழுத்தார். தையல்தான் பிரிந்தது.

பனிக்காலத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பு வாங்குங்கள் என்று முன்பு ஒருவருக்குச் சொன்னேன். அது தவறு. பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே அடைத்து வியர்க்க வைக்கும். கராஜுக்குள் என்றால் காற்றுப் போகும் துணி உறை போதும். சாலையில் உப்புத் தூவிய நாளில் வெளியே எடுக்காதீர்கள். பெருமழை இரண்டு பெய்து உப்பைக் கழுவிய பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து மைலாவது ஓட்டுங்கள். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் எஞ்சினை இயக்கி அணைப்பது ஓட்டமல்ல. புகைக்குழாயில் தண்ணீர் தேங்குவதுதான் மிச்சம்.

2025 மார்ச் 30

முதல் நாள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்று திரும்பப் படித்தேன். 14 ஆண்டு நின்ற காரைப் பற்றிக் கடுமையாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் காரின் பழைய உரிமையாளர் நிறுத்துவதற்கு முன் நிப்பிள் ஒவ்வொன்றையும் நிரப்பியிருந்தார். சில்லின் உட்குழிக்குள் மெழுகு பீச்சியிருந்தார். எஞ்சினுக்குள் ஒயில் விட்டிருந்தார். திரும்பி ஓட்டுவோம் என்று நினைத்தவர் செய்த வேலை அது. உடல்நலம் விடவில்லை. அவர் மகளிடம் காரை ஒருநாள் காட்டுங்கள். மேலே கூரை இல்லாமல், அவரையும் ஏற்றிக்கொண்டு.

2025 ஏப்ரல் 11

நாளை காலை எட்டு மணிக்குக் கொவென்றியிலிருந்து வருகிறேன், தம்பி. மழை இல்லை என்கிறார்கள். தாங்கிக் கட்டைகளும் கிறீஸ் கன்னும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வையுங்கள், கூரையை மடிப்போம்.